தோசை வார்த்த கையும் பான்கேக்கும்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளோடு சேர்ந்து பான்கேக் செய்யலாம் என்று இரண்டு முறை முயன்றேன். முதல் முறை ரப்பர் போல இழுத்தது. அடுத்த முறை மேலே கருகி, உள்ளே பச்சை மாவாக நின்றது. தோசை எனக்கு நன்றாகவே வரும். இது மட்டும் ஏன் வரவில்லை? கடையில் விற்கும் கலவைப் பாக்கெட் வாங்கினால்தான் சரியாகுமா? மாமியார் முட்டை சாப்பிட மாட்டார். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

தோசை உங்களுக்கு நன்றாக வருகிறது, அதனால்தான் பான்கேக் வரவில்லை. கேலியாகச் சொல்லவில்லை. தோசைக் கல்லின் முன்னால் நின்று நம் கை கற்றுக்கொண்ட பழக்கங்களில் பெரும்பாலானவை பான்கேக்குக்கு எதிரி. ஒரு பேக்கரியில் பதினோரு ஆண்டுகள் மாவோடு கிடந்தவன் நான். எனக்கே இது உறைக்க, என் அம்மா ஒரு நாள் கலவைக் கிண்ணத்தைப் பிடுங்கவேண்டியிருந்தது.

மகளுக்கு அப்போது ஆறு வயது. மாவைக் கலந்து ஓரமாக வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கத் திரும்பினேன். அம்மா எட்டிப் பார்த்தார். "என்னப்பா இது, மாவு முழுக்கக் கட்டி கட்டியாக நிற்கிறது? பிள்ளைக்கு இதையா கொடுக்கப்போகிறாய்?" என்று கேட்டபடியே கிண்ணத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு கையால் அடிக்கத் தொடங்கிவிட்டார். உளுந்து மாவை அடிப்பது போல, வட்டம் வட்டமாக, ஐந்து நிமிடம். ஒரு கட்டிகூட மிஞ்சவில்லை. மாவு பட்டுப்போல வழிந்தது. சுட்டு எடுத்தால் ஒவ்வொன்றும் செருப்பின் அடித்தோல். மகள் ஒரு துண்டைப் பல்லில் கடித்து இழுத்து, அது எவ்வளவு நீளும் என்று தம்பிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் கணக்கில் அவர் செய்தது சரிதான். அரிசியிலும் உளுந்திலும் குளூட்டன் கிடையாது. உளுந்து மாவை எவ்வளவு அடித்தாலும் அது இறுகாது. காற்றைப் பிடித்துக்கொண்டு பொங்கும். வடைக்கு அரைத்த மாவில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கிறோமே, அந்தக் காற்றுக்காகத்தான். கோதுமையின் குணம் வேறு. அதில் இருக்கும் குளூட்டெனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற வலையாகின்றன. கிண்டக் கிண்ட வலை இறுகும். பரோட்டா மாஸ்டர் மாவை அடித்து, இழுத்து, வீசுவதெல்லாம் இந்த வலையை வளர்க்கத்தான். பரோட்டாவுக்கு வரமாக இருப்பது பான்கேக்குக்குச் சாபம். உங்கள் முதல் ஞாயிற்றுக்கிழமையின் ரப்பர் இங்கிருந்துதான் வந்தது.

ஆகவே பால் ஊற்றிய பிறகு கரண்டியால் பன்னிரண்டு, பதினைந்து சுற்று. உலர்ந்த மாவு கண்ணில் படாமல் போனதும் கையை எடுத்துவிடுங்கள். பட்டாணி அளவுக் கட்டிகள் கிடக்கட்டும். பத்து நிமிடம் மூடிவைத்தால் ஈரம் ஊறிப் பாதி கரைந்துவிடும், மீதி கல்லில் வெந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் குளூட்டனும் கொஞ்சம் தளரும்.

நான்கு பேருக்கு நான் எடுக்கும் அளவு இது: மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் மூன்று டீஸ்பூன், சர்க்கரை இரண்டு டேபிள்ஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். இவற்றை ஒரு கிண்ணத்தில் சலித்துக் கலந்துகொள்ளுங்கள். இன்னொன்றில் பால் 275 மில்லி, முட்டை ஒன்று, உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 40 கிராம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாலில் வெண்ணெயை ஊற்றினால் அது உடனே திரிதிரியாக உறைந்துவிடும். பால் வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஈரக் கலவையை உலர் கலவையின் நடுவில் குழி செய்து ஊற்றி, மேலே சொன்னபடி கிண்டுங்கள். கரண்டியைத் தூக்கினால் மாவு தோசை மாவைவிடக் கெட்டியாக, இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக விழவேண்டும். டீஸ்பூன் என்றால் அளவுக் கரண்டியில் தலை தட்டி எடுப்பது. காபி கலக்கும் கரண்டியில் குவித்து எடுத்தால் பேக்கிங் பவுடர் கூடி, வாயில் கசப்பு நிற்கும்.

அடுத்த பழக்கம் புளிக்கவைப்பது. காலையில் வேலை குறையட்டும் என்று முந்தின இரவே பான்கேக் மாவைக் கரைத்துவைக்கும் வீடுகள் உண்டு. தோசை மாவில் நுண்ணுயிர்கள் இரவெல்லாம் உயிரோடு வேலை செய்து வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. பான்கேக்கை உப்பவைப்பது ஒரு வேதிவினை. அது கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோகும். பேக்கிங் பவுடர் என்பது வேறொன்றுமில்லை: நம் மளிகைக் கடை ஆப்ப சோடாவோடு உலர்ந்த அமில உப்பு ஒன்றையும், ஈரம் தட்டாமல் இருக்கக் கொஞ்சம் ஸ்டார்ச்சையும் சேர்த்த பொடி. ஈரம் பட்டதும் சோடாவும் அமிலமும் சேர்ந்து கரியமில வாயுவை வெளியிடும். பல பவுடர்களில் ஒரு பங்கு வாயு கிண்ணத்திலும், மறு பங்கு சூடு பட்ட பிறகு கல்லிலும் வரும்படி அமைத்திருப்பார்கள். அப்படி இருந்தும், காலை வரை வைத்தால் உப்புவதற்கு அதிகம் மிஞ்சாது. முந்தின இரவே ஏதாவது செய்தாகவேண்டும் என்றால் உலர் பொருள்களை மட்டும் கலந்து மூடிவையுங்கள்.

வீட்டில் இருக்கும் பேக்கிங் பவுடருக்கு உயிர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அரை டம்ளர் வெந்நீரில் அரை டீஸ்பூன் போட்டால் சோடா பாட்டிலைத் திறந்தது போல நுரைத்துப் பொங்கவேண்டும். நாலு குமிழியோடு அடங்கிவிட்டால் டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். போன கிறிஸ்துமஸ் கேக்குக்கு வாங்கி, மூடி சரியாக மூடாமல் அலமாரியில் கிடக்கும் டப்பாதான் பல வீடுகளில் குற்றவாளி.

இந்தப் பொடிக்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து மருந்தாளுநர் ஆல்ஃபிரட் பேர்டின் மனைவிக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாது, ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாது. அவருக்காக 1837-இல் முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடரையும், 1843-இல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி உப்புவதற்கான பொடியையும் உருவாக்கினார். அமெரிக்காவில் ஹார்வர்டு வேதியியல் பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபோர்டு 1856-இல் பாஸ்பேட் அமிலத்தை வைத்து இன்னொரு வகைக்குக் காப்புரிமை பெற்றார். தடித்து, பஞ்சுபோல, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்கும் அமெரிக்க பான்கேக் அந்தப் பொடியின் பிள்ளை. இங்கிலாந்துக்காரர்கள் பான்கேக் என்று சொல்வது இதை அல்ல; அது உப்பாத, மெல்லிய, ஓரம் சுருண்ட ஒன்று. கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாயன்று வீட்டிலிருக்கும் முட்டை, பால், கொழுப்பையெல்லாம் தீர்த்துவிடச் சுட்டது. ஓல்னி என்ற ஊரில் அன்று பெண்கள் கையில் வாணலியும் அதில் பான்கேக்குமாக ஓட்டப்பந்தயமே ஓடுகிறார்கள். 1445-இலிருந்து நடப்பதாக ஊர்க்காரர்கள் சொல்வார்கள். இலங்கையில் பான்கேக் என்றால் தேங்காய்ப்பூவைக் கித்துள் (கூந்தற்பனை) பாகில் புரட்டி, மெல்லிய அடைக்குள் வைத்துச் சுருட்டியது. என்னைக் கேட்டால் மூன்றிலும் அதுதான் முதல். ஆனால் நீங்கள் கேட்டது தடித்ததை, அதற்கே திரும்புகிறேன்.

கருகிய விஷயத்துக்கு வருவோம். தோசைக்குக் கல் நன்றாகக் காயவேண்டும். தண்ணீர் தெளித்தால் சீறவேண்டும். மெல்லிய தோசை ஒரு நிமிடத்தில் வெந்துவிடும், அதனால் அந்தச் சூடு சரி. பான்கேக் கல்லிலேயே ஒரு செண்டிமீட்டர் தடிமனுக்கு எழும்பும். நடுவுக்குச் சூடு போய்ச்சேர நேரம் வேண்டும். அதற்குள் பாலும் சர்க்கரையும் முட்டையும் அடியில் சிவந்து கருத்துவிடும். உங்கள் இரண்டாவது ஞாயிறு இப்படித்தான் போயிருக்கும். அடுப்பை மிதமான தீக்கும் சிறு தீக்கும் நடுவில் வைத்து, கல்லை ஐந்து நிமிடம் பொறுமையாகக் காயவிடுங்கள். ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்கள். அரை நிமிடத்தில் அடி கருத்தால் சூடு அதிகம். ஒரு நிமிடம் ஆகியும் வெளுத்தே கிடந்தால் போதாது. இரும்புக் கல் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டு ஈடு ஆனதும் தீயை இன்னும் குறைக்கவேண்டிவரும்.

கல்லைப் பற்றி இன்னொன்று. வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்க்கும் வழக்கத்தை அன்று ஒரு நாள் மறந்துவிடுங்கள். நல்லெண்ணெய் குடித்துக் குடித்துப் பழகிய தோசைக் கல் வேண்டாம். சப்பாத்திக் கல்லோ நான்ஸ்டிக் தவாவோ எடுங்கள். வெங்காய வாசத்தோடு வாழைப்பழ பான்கேக் தின்றுபார்த்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெயிலும் தோசைக் கை குறுக்கே வரும். சுற்றிலும் ஒரு டீஸ்பூன் விட்டால் பான்கேக்கின் ஓரம் பூரி போலப் பொரிந்து, மேற்பரப்பு திட்டுத் திட்டாகச் சிவக்கும். படங்களில் தெரியும் அந்த ஒரே சீரான செம்பழுப்பு எண்ணெய் இல்லாமையின் நிறம். சில துளி நெய்யையோ வாசமில்லாத எண்ணெயையோ விட்டு, துணியாலோ தாளாலோ துடைத்தெடுங்கள். கல்லில் மினுமினுப்பு மட்டும் மிஞ்சினால் போதும். வெண்ணெய் வேண்டாம், அதிலிருக்கும் பால் சத்து சீக்கிரம் கருகும். முதல் பான்கேக் எப்படியும் அழகாக வராது. முதல் பிளினி, அதாவது அவர்கள் ஊர் பான்கேக், கட்டியாகத்தான் வரும் என்று ரஷ்யர்களுக்குப் பழமொழியே இருக்கிறது. நம் வீட்டு முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொள்வது போலத்தான்.

மாவை ஒரு சிறு குழிக்கரண்டி, ஏறக்குறைய 60 மில்லி, கல்லுக்கு அருகிலிருந்து ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. கை பரபரக்கும், பரவாயில்லை. அது தானாகப் பரவி உள்ளங்கை அகலத்துக்கு நிற்கும். தேய்த்தால் உள்ளே பிடித்துவைத்திருக்கும் வாயு முழுவதும் வெளியேறிவிடும். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் மேலே குமிழிகள் கிளம்பும். முதல் குமிழியைப் பார்த்ததும் திருப்பாதீர்கள். குமிழி உடைந்து, அந்த ஓட்டை மறுபடி மூடிக்கொள்ளாமல் ஆப்பத்தின் கண்போல அப்படியே நிற்கவேண்டும். ஓரத்தின் ஈரப் பளபளப்பு மங்கவேண்டும். அப்போது ஒரே திருப்பு. மறுபக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும். தோசைத் திருப்பியால் அமுக்காதீர்கள். இட்லியை யாராவது அமுக்குவார்களா?

முட்டை இல்லாமல் நிச்சயம் முடியும். மேலே சொன்ன அளவில் முட்டையை விட்டுவிட்டு, கெட்டித் தயிர் 60 மில்லி, ஆப்ப சோடா கால் டீஸ்பூன் சேருங்கள். பேக்கிங் பவுடரை இரண்டு டீஸ்பூனாகக் குறைத்துவிடுங்கள். தயிரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்து வாயுவைத் தரும். சோடாவைக் கண்ணளவாக அள்ளிப் போட்டால் புளிப்பு அதற்கு ஈடுகொடுக்காமல் சோப்பு வாசம் அடிக்கும், நிறமும் மஞ்சளாகும். நன்றாகக் கனிந்த வாழைப்பழம் பாதியை மசித்துப் போடுவது இன்னொரு வழி. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் பழச் சர்க்கரையால் சீக்கிரம் சிவக்கும், தீ இன்னும் ஒரு படி குறையவேண்டும். பிடித்துநிறுத்த முட்டை இல்லாததால் பெரிதாக ஊற்றினால் திருப்பும்போது பிய்ந்துபோகும். அகலத்தைக் குறைத்துச் சின்னதாகவே சுடுங்கள். மாமியாருக்கு என்று தனியாகக் கலப்பதைவிட அன்று எல்லாருக்குமே முட்டை இல்லாமல் செய்துவிடுவது சுலபம். ஒரே கல், ஒரே கரண்டி என்று ஓடும் சமையலறையில் "இது முட்டை, அது முட்டை இல்லாதது" என்ற கணக்கு இரண்டாவது ஈட்டிலேயே குழம்பிவிடும்.

மைதா வேண்டாம் என்று வீட்டில் பேச்சு வந்தால் பாதிக்குப் பாதி கோதுமை மாவு போடுங்கள். அது தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்கும்; பால் மூன்று டேபிள்ஸ்பூன் அதிகம், ஊறும் நேரம் கால் மணி. முழுக்கக் கோதுமை மாவிலேயே செய்தால் அது நாம் வெல்லம் கரைத்துச் சுடும் கோதுமைத் தோசைக்குத்தான் போய்ச் சேரும். அது நல்ல பண்டம்தான், ஆனால் அதற்குப் பெயர் வேறு.

மேலே ஊற்ற மேப்பிள் பாகுதான் வேண்டும் என்று நினைக்கவேண்டாம். உண்மையான மேப்பிள் பாகு ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 40 லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சவேண்டும். விலை அப்படித்தான் இருக்கும். பான்கேக் சிரப் என்று மலிவாக விற்பவை பல, வாசனை சேர்த்த சர்க்கரைப் பாகு. மரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் இனிப்பு நமக்கும் இருக்கிறதே. கருப்பட்டி 200 கிராமைத் தட்டி, 100 மில்லி தண்ணீரில் கரையவிட்டு வடிகட்டுங்கள். அடியில் மண் நிற்கும். மறுபடி அடுப்பில் ஏற்றி, விரலில் தொட்டால் பிசுபிசுக்கும் பதத்தில் இறக்கிவிடுங்கள். கம்பிப் பதம் வரை விட்டால் ஆறியதும் இறுகிப்போகும். ஒரு சிட்டிகை சுக்குத் தூள் என் அம்மாவின் சேர்க்கை. தேன் ஊற்றுவதானால், வீட்டில் ஒரு வயது நிரம்பாத குழந்தை இருந்தால் அதற்கு மட்டும் கொடுக்காதீர்கள். அந்த வயதில் தேன் ஆபத்து.

குழந்தைகளோடு செய்வது என்றீர்கள். "வா, உதவி செய்" என்று பொதுவாகச் சொன்னால் மாவு தரையில்தான் இருக்கும். ஆளுக்கு ஒரு வேலை, பெயர் வைத்துக் கொடுங்கள். என் வீட்டில் மகன் சலிப்பவன். பெரிய தாம்பாளத்தின் நடுவில் கிண்ணத்தை வைத்துவிடுவேன். சிந்துவது தாம்பாளத்தோடு நிற்கும். மகள் முட்டை உடைப்பவள். தனிக் கோப்பையில் உடைத்து, ஓடு விழுந்திருந்தால் பெரிய ஓட்டுத் துண்டாலேயே கோரி எடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பாலில் சேர்ப்பாள். கிண்டும்போது பதினைந்து வரை உரக்க எண்ணுவது இருவருக்கும். பதினைந்தில் கரண்டியைப் பிடுங்கிவிடுவேன், அழுதாலும் சரி. குமிழிக் காவல் சின்னவனுடையது, அடுப்பிலிருந்து ஒரு கை தூரத்தில் முக்காலி போட்டு நின்று, "கண் திறந்துவிட்டது!" என்று கத்தினால்தான் நான் திருப்புவேன். அவன் கண் என்னுடையதைவிடக் கூர்மை. கிண்ணத்தை விரலால் வழித்து நக்குவதற்கு மட்டும் அனுமதி கிடையாது. பச்சை முட்டை ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும்; பச்சைக் கோதுமை மாவிலும் கிருமி இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

தோசை நமக்குப் பழக்கிவிட்ட இன்னொன்று, ஒருவர் கல்லடியில் நின்று வார்த்துக்கொண்டே இருக்க, மற்றவர்கள் சுடச்சுடச் சாப்பிட்டு எழுந்துபோவது. வார்ப்பவர் கடைசியில் தனியாக, மிஞ்சிய மாவில். தோசை முறுகல் ஆறினால் வீண் என்பதால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. பான்கேக்குக்கு அந்த அவசரம் இல்லை. அகலமான கல்லில் ஒரே நேரத்தில் மூன்று ஊற்றலாம். மேலே சொன்ன அளவில் ஒன்பது, பத்து பான்கேக் வரும், இருபது நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். சுட்டதைக் கம்பித் தட்டிலோ, இட்லித் துணி விரித்த தட்டிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே ஒரு மெல்லிய துணி. ஹாட்பேக்கில் போட்டு மூடாதீர்கள். ஆவி வியர்த்து அடியிலிருப்பது கூழாகிவிடும். அடுப்பை அணைத்துவிட்டு நீங்களும் தட்டோடு உட்காருங்கள். அடுக்குவதைச் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளே செய்துகொள்ளட்டும்.

பாக்கெட் கலவை பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் 1889-இலேயே மிசௌரி மாநிலத்தில் ஆயத்தக் கலவை விற்பனைக்கு வந்துவிட்டது. புதிய சரக்கு ஒன்றும் இல்லை. பாக்கெட்டைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்: மாவு, சர்க்கரை, உப்பு, உப்பவைக்கும் பொருள்கள், சிலவற்றில் பால் பொடி. நீங்கள் ஒரு கிண்ணத்தில் சலித்ததுதான் அது. அதை வாங்கி ஐந்து நிமிடம் அடித்து, சீறும் கல்லில் ஊற்றினால் அதுவும் ரப்பராகி, கருகத்தான் செய்யும். மேலே சொன்ன உலர் பொருள்களை நான்கு மடங்கு கலந்து காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், ஒரு மாதத்து ஞாயிறுகளுக்கு ஆகும். எடுக்கும்போது டப்பாவை ஒரு முறை குலுக்கிக்கொள்ளுங்கள்; கனமானது அடியில் தங்கியிருக்கும். 235 கிராம் எடுத்தால் ஒரு நாளைக்குச் சரி.

மிஞ்சினால் முழுவதும் ஆறிய பிறகு இடையிடையே வெண்ணெய்த் தாள் வைத்து உறைபெட்டியில் போடுங்கள். திங்கட்கிழமை காலையில் நேராகக் காய்ந்த தவாவில் மூடி போட்டு, பக்கத்துக்கு ஒரு நிமிடம். டிபன் பெட்டியில் வைப்பதானால் சூடு ஆறியதும் மூடுங்கள், கருப்பட்டிப் பாகைத் தனிக் குப்பியில் கொடுத்துவிடுங்கள். முன்பே ஊற்றினால் மதியத்துக்குள் ஊறிக் கரைந்துபோயிருக்கும்.